துர்காதேவியின் இலேசான வாரம்

மதுராந்தகம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஒரு டயர் கடையை ஒட்டினாற்போல் ராஜாராமின் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. சென்ற ஆடி மாதம் வரை, அதற்குள் ஒரு பெண் கால் வைக்க வேண்டுமென்றால் வாசலிலேயே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"தலைக்கு ஊத்திக்கினியா?"

கேட்பவர் பாப்பா, ராஜாராமின் அக்கா. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பெண்கள் நேரம். அந்த இரண்டு மணி நேரமும் கையில் துடைப்பத்தோடு அவர்தான் வாசலுக்குக் காவல். அவர் தலைக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்கும்: 'விலக்கு நாட்களில் பெண்கள் உள்ளே வரக் கூடாது.' காரணம் உள்ளே சுவரில் இருந்தார். மலையைத் தூக்கிக்கொண்டு பறக்கும் ஆஞ்சநேயர். அவர் பிரம்மச்சாரி, தீட்டுப்பட்ட கை இரும்பைத் தொட்டால் கம்பி யார் மேலாவது விழும் என்று ராஜாராம் நம்பினார். ஆண்களில் எவன் குடித்துவிட்டு வருகிறான், எவன் பெண்டாட்டியை அடித்துவிட்டு வருகிறான் என்று வாசலில் யாரும் கேட்டதில்லை. அந்தக் கைகளைப் பற்றி ஆஞ்சநேயருக்கு ஆட்சேபணை இல்லை போலும்.

துர்காதேவி பதினோரு வருஷம் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள். வயது நாற்பத்துமூன்று. செய்யூர் சாலையில் வேர்க்கடலை போடுகிற குடும்பம். கணவன் ஜெயக்குமார் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். அவளுக்குப் புறவழிச் சாலையில் ஓர் எடை மேடையில் வேலை. மதியம் பன்னிரண்டு மணிக்குப் போனால் இரவு எட்டு வரை நெல் லாரியும் சவுக்குக் கட்டை லாரியும் மேடையேறிக்கொண்டே இருக்கும். காலி வண்டியை ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை. கழித்துச் சீட்டுக் கொடுப்பாள். முப்பத்திரண்டாம் வயதில், உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று கூடத்துக்கு வந்தாள். மூன்றாவது மாதம் தரையில் கிடந்த அறுபது கிலோ கம்பியை நிமிர்ந்து நிற்கும் வரை தூக்கிக் காட்டினாள். டெட்லிஃப்ட் என்பார்கள் அதை. ராஜாராம் வாயைப் பிளந்தார். அன்றிலிருந்து அவளுக்கு முதுகை எப்படி வைப்பது, மூச்சை எங்கே பிடிப்பது என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. மாதத்தில் இருபத்தைந்து நாள் அவர் நல்ல ஆசான்.

மீதி ஐந்து நாள்தான் தகராறு.

ஆடி மாதம் ஒரு காலை, கல்லூரியில் படிக்கும் சிநேகா தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தபோது அவளுக்கு நாள் வந்துவிட்டது. அவளுக்கே தெரியாது. பாப்பா பார்த்துவிட்டார். ராஜாராமுக்கு ஆள் போயிற்று. வந்தவர் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மஞ்ச தண்ணி கரைச்சு அதுவே தொடைச்சுட்டு போவட்டும்." பத்தொன்பது வயசுப் பெண் ஏழு பேர் பார்க்க முட்டி போட்டுத் தரையைத் துடைத்தாள். துடைத்து முடித்துப் போனவள் திரும்பி வரவில்லை. ஃபோனையும் அணைத்து வைத்துவிட்டாள்.

துர்காவுக்கு அன்று எடை மேடையில் சீட்டு எழுதக் கை வரவில்லை. தரை துடைத்தது அந்தப் பெண். வாய் மூடி நின்றது இவள். பதினோரு வருஷமாக 'ஊத்திக்கினேன்' என்று பதில் சொல்லிச் சொல்லியே அந்தப் பலகையைத் துருப்பிடிக்காமல் வைத்திருந்தவர்களில் தானும் ஒருத்தி. இரவு வேலை முடிந்து ஃபைஸாவின் மருந்துக் கடைக்குப் போனாள். ஃபைஸா கடப்பாக்கத்தில் பிறந்து மதுராந்தகத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கூடத்தில் நான்கு வருஷமாக அவளோடு கம்பி தூக்குபவள்.

"எங்க வூட்லயும் இதே கதைதான்க்கா, ராகம்தான் வேற" என்றாள் ஃபைஸா. "இன்னா பண்ணலாம் சொல்லு."

மறுநாள் காலை.

"தலைக்கு ஊத்திக்கினியா?"

"இல்லக்கா. இன்னிக்கிதான் மொத நாளு" என்றாள் ஃபைஸா.

பாப்பா துடைப்பத்தால் ஓரத்தைக் காட்டினார். அடுத்தது துர்கா.

"எனக்கும் மொத நாளு."

அதற்கடுத்தவளுக்கும் முதல் நாள். ஏழு பேருக்கும் முதல் நாள். ஏழு பேரும் வாசலில் வரிசையாக நின்று பதினொரு மணி வரை பேசிவிட்டுப் போனார்கள். மறுநாளும் வந்தார்கள்.

"நேத்துதானேடி மொத நாளுன்னீங்க!"

"இன்னிக்கும் மொத நாளுதான்க்கா. நாளைக்கு வந்து கேளு, நாளைக்கும் அதான்."

டயர் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். காதோடு காதாகச் சொல்லிப் பழகிய சமாசாரம் நடுத்தெருவில் சத்தமாக உலாவியது. பத்தாவது நாள் ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ரோட்ல நின்னுகினு இன்னாமா பேச்சு இது? என் மானம் போவுது!"

"உள்ள வுடுங்க மாஸ்டர், உள்ள வந்து பேசிக்கிறோம்" என்றாள் துர்கா.

அவர் பலகையை அண்ணாந்து பார்த்தார். பிறகு பேரம் பேசினார். ஜனவரியில் மாமல்லபுரத்தில் மாவட்ட வலுதூக்கும் போட்டி. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் துர்கா இறங்குகிறாள். அதுவரை பலகை கீழே இருக்கும். "நடுவுல ஒருத்தர் மேல கம்பி வுழுந்தாலும் சரி, நீ அங்க நூத்தி இருவத்தஞ்ச தூக்கலன்னாலும் சரி, சாமி ஒத்துக்கலன்னு அர்த்தம். பலகை மறுபடி ஏறும். அப்புறம் மொத நாளு, நடு நாளுன்னு ஒரு பேச்சு இருக்கக் கூடாது."

நூற்று இருபத்தைந்து அவள் இரண்டு வருஷமாகத் தூக்கும் எடை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒத்துக்கறேன் மாஸ்டர்" என்றாள். பலகை பீரோவுக்குப் பின்னால் போயிற்று.

அங்கேதான் துர்கா தப்புப் பண்ணினாள். அது கோபத்தில் பிறந்த தப்பு, ஆனாலும் தப்புதான்.

மாதத்துக்கு ஐந்து நாள், வருஷத்துக்கு அறுபது, பதினோரு வருஷத்துக்கு அறுநூற்று அறுபது நாள் தன்னிடமிருந்து பிடுங்கப்பட்டதாகக் கணக்குப் போட்டாள். இனி ஒரு நாளும் விடக் கூடாது. வாரத்தில் ஆறு நாள் போனாள். போகும் ஒவ்வொரு நாளும் பாரம். ஒவ்வொரு பாரமும், இதற்கு மேல் ஒன்றுகூட முடியாது என்று கை நடுங்கும் வரை. முதல் ஐந்து வாரம் ஏறியது. ஆவணி கடைசியில் நூற்று இருபத்தேழரை கிலோவைத் தூக்கி நின்றபோது பெண்கள் விசில் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு கம்பி கனக்க ஆரம்பித்தது.

நூற்று இருபத்தைந்து தரையை விட்டு எழவில்லை. பிறகு நூற்று இருபது முழங்காலோடு நின்றுவிட்டது. படுத்தால் தூக்கம் வரவில்லை, எழுந்தால் முட்டி மடங்கவில்லை. ஜெயக்குமார் சோற்றுத் தட்டை இழுத்துக்கொண்டு, "லாரிக்காரன் மேல கீற கோவத்த எங்கிட்ட காட்டறியா, எம் மேல கீற கோவத்த லாரிக்காரன்கிட்ட காட்டறியா, அதயாவது சொல்லிடு" என்றான். அவள் பயிற்சியை இன்னும் கூட்டினாள். தேர்ந்தவர்கள் செய்யும் பிசகு அது. புதிதாகத் தூக்க வருகிறவளுக்கு வாராவாரம் இரண்டரை கிலோ ஏறிக்கொண்டே போகும், அவள் உடம்பில் அத்தனை இடம் காலியாக இருக்கிறது. பத்து வருஷம் தூக்கியவளிடம் அந்த இடம் இல்லை. தன் எல்லையை ஒட்டி நிற்பவள் அந்த எல்லையைத் தினமும் முட்டினால், உடையப்போவது எல்லையல்ல.

ஆயுத பூஜையன்று கூடத்தில் ஆண், பெண் எல்லோரும் கூடியிருந்தார்கள். கம்பிகளுக்குச் சந்தனம், தட்டுகளுக்குக் குங்குமம். பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு தூக்கு தூக்கிக் காட்டுவது வழக்கம். துர்கா நூற்றுப் பதினைந்தை வைத்தாள். எழவில்லை. மறுபடி இழுத்தாள். முதுகு வளைந்து, கம்பி கையை விட்டு நழுவி விழுந்தது. பொரியும் கடலையும் சிதறின.

"இன்னா மேடம், இரும்பு கோச்சுக்கிச்சா?" என்றான் சடையப்பன். மனை வாங்கி விற்பவன். ஞாயிறுதோறும் தன் முழு பலத்தையும் காட்டாமல் வீட்டுக்குப் போகாதவன். "அதுங்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கோ."

ராஜாராம் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, அவள் நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் வைத்தார். அந்தப் பழம்தான் சடையப்பனின் பேச்சைவிடக் குத்தியது.

மறுநாள் மதியம் எடை மேடையில் லாரி வரத்து இல்லை. துர்கா பையிலிருந்து தன் பழைய நோட்டுகளை எடுத்தாள். கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து எந்தத் தேதியில் எவ்வளவு தூக்கினாள், எத்தனை தடவை என்று விடாமல் எழுதி வைத்திருப்பவள். எடை போடுகிறவளுக்கு எழுதாத எடை எடையே இல்லை. புரட்டிக்கொண்டே வந்தவளுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. ஒவ்வொரு மாதமும் ஐந்து நாள் ஓட்டை. ஓட்டை முடிந்து நான்கு ஐந்து நாள் கழித்து, அந்த மாதத்தின் மிகப் பெரிய எடை. நூற்றைத் தொட்டது அப்படி ஒரு நாளில். நூற்றுப் பத்து அப்படி. நூற்று இருபத்தைந்தும் அப்படியே. பதினோரு வருஷமும் ஒரே மாதிரி. ஆடிக்குப் பிறகு ஓட்டை இல்லை, ஆவணியோடு ஏற்றமும் நின்றுவிட்டது.

நோட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

அப்படியானால் அவர்கள் சொன்னது சரியா? விலகி இருந்தவரை பலம் வந்தது, விலகாததும் போய்விட்டது. அவள் கையாலேயே, அவள் பேனாவிலேயே எழுதியிருக்கிறதே! சிநேகா முட்டி போட்டுத் துடைத்தது நினைவுக்கு வந்தது. அதற்கு இந்த நோட்டு சாட்சி சொல்லிவிடுமா?

அந்த நேரம் பார்த்து ஒரு சவுக்கு லாரி வந்து மேடையில் ஏறியது. டிரைவர் இறங்காமலேயே, "எவ்ளோக்கா பாரம்?" என்றான்.

"வண்டியோட சேத்து நிக்கற. சவுக்கு எவ்ளோன்னு நான் எப்படிச் சொல்றது? எறக்கிட்டு காலி வண்டியா வா."

சொன்ன வாயை மூடவில்லை அவள். திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது; அவள் நோட்டையே பார்த்தாள். அவளும் இரண்டைச் சேர்த்தல்லவா மேடையில் ஏற்றியிருக்கிறாள்! அந்த ஐந்து நாளில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று தீட்டு. இன்னொன்று ஓய்வு. பதினோரு வருஷமும் இரண்டும் ஒன்றாகவே வந்தன, ஒன்றாகவே போயின. பலம் கொடுத்தது எது என்று இந்த நோட்டால் சொல்ல முடியாது. தனித்தனியாக ஏற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

எட்டு மணிக்கு வேலை முடிந்ததும் ஓடினாள் ஃபைஸாவிடம். இரண்டு பேரும் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஃபோனில் தேடித் தேடிப் படித்தார்கள். அனுபவமுள்ள வலுதூக்குகிறவர்கள் மூன்று வாரம் ஏற்றி நான்காம் வாரம் வேண்டுமென்றே இறக்குகிறார்கள். தூக்கும்போது உடம்பு அலுக்கிறது, ஓயும்போதுதான் தேறுகிறது. தினமும் முழு பலத்தையும் கொட்டுவதில்லை. ஒவ்வொரு தடவையும் இன்னும் இரண்டு தூக்கலாம் என்கிற இடத்தில் கம்பியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். படிக்கப் படிக்க துர்காவுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. உலகத்தில் பாதி பேர் எந்தச் சாமியையும் கேட்காமல் இந்த ஓட்டையைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள்!

"அப்ப ரெஸ்ட் எடுத்துக்கோ, முடிஞ்சுது" என்றாள் ஃபைஸா.

"முடியல. அதே அஞ்சு நாள்ல ரெஸ்ட் எடுத்தா மாஸ்டர் 'பாத்தியா'ம்பாரு. ரெஸ்ட்ட முன்னாடி தள்ளணும். நாள் வர்றதுக்கு முந்தின வாரம் இலேசு. நாள் வந்த அன்னிக்கி பாரம். தீட்டாலதான் கெடுதுன்னா அன்னிக்கி கம்பி எழக் கூடாது. ரெஸ்ட்டாலதான் வருதுன்னா அன்னிக்கிதான் எழணும்."

ஃபைஸா ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, "எடை மேடையில வேலை செய்யறவகிட்ட வம்பு வச்சுக்கக் கூடாது" என்றாள்.

புது நோட்டில் எழுதினாள். வாரம் ஆறு நாள் நான்கு நாளாயிற்று. மூன்று வாரம் படிப்படியாக ஏற்றம். நான்காம் வாரம் தன் உச்சத்தில் அறுபது சதவீதம், அதுவும் பாதித் தடவை. ஒவ்வொரு எடைக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன எண்: 'இன்னும் எத்தனை தூக்கியிருப்பேன்?' அந்த எண் இரண்டுக்குக் கீழே போனால் அன்றைக்கு எடையைக் குறைத்துவிடுவாள். தூங்காத இரவுக்கு மறுநாள் நோட்டு என்ன சொன்னாலும் ஐந்து கிலோ தள்ளுபடி. குறைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இலேசான வாரத்தில் வெறும் எழுபத்தைந்தைத் தூக்கிவிட்டுத் துண்டை எடுக்கும்போது, பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொள்வது போலிருந்தது. கூடத்தில் எவனாவது பார்ப்பானோ என்று வெட்கமாகவும் இருந்தது.

கார்த்திகையில் நாள் வந்தது. மூன்றாம் நாள் நூற்று இருபதைத் தூக்கினாள். பக்கத்தில் எழுதிய எண்: இரண்டு. மார்கழியில் இரண்டாம் நாள், நூற்று இருபத்தைந்து. எண்: மறுபடி இரண்டு. இரண்டு தடவையும் ஆஞ்சநேயர் பறந்துகொண்டேதான் இருந்தார். மலை அவர் கையிலேயே இருந்தது. துர்கா யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு எடை போதாது, மூன்றாவது மாமல்லபுரத்தில்.

போட்டித் தேதியைக் காலண்டரில் எண்ணிப் பார்த்தபோது ஃபைஸா நாக்கைக் கடித்தாள். சரியாக இரண்டாம் நாள் வருகிறது. "அக்கா, தள்ளிப் போடற மாத்திரை கடையில அட்டை அட்டையா கீது. கல்யாணம், கோயிலு, நோன்புன்னு ஊரே வாங்குது. நீ இன்னாத்துக்கு ரிஸ்க் எடுக்கற?"

"மாத்திரை போட்டா எடை செல்லாது."

"வலிச்சா?"

"வலிச்சா கொஞ்சம் குறைச்சு ஆரம்பிப்பேன். எனக்கு எப்பவும் ரொம்ப வலிக்காது. சிநேகாவுக்கு சுருண்டு படுக்கற மாதிரி வலிக்குமாம், அவ படுத்துக்கட்டும். படுக்கறதா தூக்கறதான்னு அவ சொல்லணும், பலகை சொல்லக் கூடாது."

ஆனால் நாற்பத்துமூன்று வயதில் உடம்பும் காலண்டரைப் பார்த்து நடப்பதில்லை. வர வேண்டிய நாளில் காலையில் வரவில்லை, மதியம் வரவில்லை. எடை மேடையில் ஒன்றுக்கு மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வாழ்க்கையில் இதற்காக இப்படித் தவித்தது கல்யாணமான புதிதில்தான், அதுவும் எதிர்மாறாக. இரவு வேலை முடிந்து மருந்துக் கடைக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் முகத்தைப் பார்த்ததுமே ஃபைஸா எழுந்துவிட்டாள்.

"வந்துட்டுதா?"

"வந்துட்டுது!"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். இருமல் மருந்துக்கு நின்றிருந்த ஒரு பெரியவர், "யாரும்மா, வெளிநாட்லருந்தா?" என்றார்.

மறுநாள் மாமல்லபுரம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. மேடையில் மணமக்கள் நாற்காலி இருந்த இடத்தில் கம்பியும் தட்டுகளும். கடல் காற்று உள்ளே நேராக வீசி, கையில் தடவும் சுண்ணப் பொடியைப் பிசுபிசுக்க வைத்தது. வேனை விட்டு இறங்கியதும் துர்கா ராஜாராமிடம் போய் நின்றாள்.

"மாஸ்டர், இன்னிக்கி எனக்கு ரெண்டாம் நாளு. இது வாசல்ல சொன்ன மாதிரி இல்ல. நெசமாவே."

அவர் முகம் வெளுத்தது. "எங்கிட்ட எதுக்குமா சொல்ற?"

"பேரத்துல நீங்களும் ஒரு ஆளு. அப்புறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாதுல்ல."

தோளில் வைத்து உட்கார்ந்து எழுவதும், படுத்தபடி தூக்குவதும் நல்லபடியாக முடிந்தன. கடைசியாக டெட்லிஃப்ட். ஆளுக்கு மூன்று வாய்ப்பு. முதலில் நூற்றுப் பதினைந்து. துணிக் கொடியிலிருந்து சேலையை எடுப்பது போல வந்தது. அடுத்து நூற்று இருபத்தைந்து. கம்பி தரையை விட்டது, முழங்காலைத் தாண்டியது, தொடைக்கு வந்தது. நிமிரும் நேரத்தில் விரல்கள் ஈரத்தில் வழுக்க, கம்பி பெருஞ்சத்தத்தோடு விழுந்தது. நடுவர்கள் மூவரும் சிவப்பு விளக்கைப் போட்டார்கள்: செல்லாது.

சத்தத்தில் பாதி மண்டபம் திரும்பிப் பார்த்தது. கூட வந்திருந்த சடையப்பன், "நான் சொல்லல?" என்று பக்கத்து ஆளிடம் சொன்னது மேடை வரை கேட்டது.

துர்கா பின்பக்கம் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.  பலகை பீரோவுக்குப் பின்னாலிருந்து மெல்லத் தலையை நீட்டுவது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நோட்டில் கேட்கும் கேள்வியைத் தன்னைக் கேட்டாள்: இன்னும் எத்தனை தூக்கியிருப்பேன்? கால் சொன்னது, இரண்டு. முதுகும் சொன்னது, இரண்டு. விரல் மட்டும்தான் சொல்லவில்லை. அப்படியானால் போனது பலமல்ல, பிடி.

"இன்னாமா ஆச்சு?" ராஜாராம் எதிரே நின்றார்.

"எடை வந்துச்சு மாஸ்டர். கை ஈரம்."

 அவள் தோற்றால் ஜெயிப்பது அவர். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கையிலிருந்த துண்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்தார். விரல் விரலாக, இடுக்கு இடுக்காகத் துடைத்தார். தன் பையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த காய்ந்த சுண்ணக் கட்டியை எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்தார். இரண்டாம் நாள் என்று தெரிந்தேதான் தேய்த்தார்.

"மேல கேக்காத. அதே நூத்தி இருவத்தஞ்சு. கம்பிய இழுக்காத, தரைய தள்ளு" என்றார்.

துர்கா மேடையேறினாள். கம்பியைப் பிடித்தாள். தரையைத் தள்ளினாள். "தள்ளு! தள்ளு! தள்ளு!" என்று ஒரு குரல் மண்டபத்தைப் பிளந்தது, அது ராஜாராமின் குரல். கம்பி ஏறியது. முழங்கால். தொடை. தோள் பின்னால் போயிற்று. நடுவர் கையை இறக்கும் வரை அவள் நிமிர்ந்து நின்றாள். மூன்று வெள்ளை விளக்கு.

அவளுக்கு வந்தது சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ஆறு மாசமாகத் தோளில் கிடந்த ஒன்று வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் இடம் என்று அறிவித்தார்கள். அது அவள் காதில் சரியாக விழவில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்து பழைய சாதத்தைப் போல மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினாள். ஃபைஸா தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே அழுதாள்.

திரும்பி வரும்போது வேனில் ஃபைஸா நோட்டுக் கதையைச் சொல்லி முடித்தாள். சடையப்பன் விடவில்லை. "எப்படிப் பாத்தாலும் மேடம், ரெஸ்ட் எடுத்ததாலதான் தூக்கின. பதினோரு வருஷம் அந்த ரெஸ்ட்ட யாரு குடுத்தது? எங்க பலகைதானே? ஒரு நன்றி சொல்லு."

"ஒருத்திய அறையில போட்டுப் பூட்டிட்டு, நல்லா தூங்கினியே, எனக்கு நன்றி சொல்லுன்னு கேக்கற கதையா கீது" என்றாள் துர்கா. "தூக்கம் எனக்கு வேணும்தான் சடையப்பா. பூட்டு வேணாம்."

வேன் குலுங்கச் சிரித்தது. ராஜாராம் முன் இருக்கையில் திரும்பாமலே உட்கார்ந்திருந்தார். செய்யூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: "அந்த இலேசு வாரம்னு இன்னமோ எழுதி வச்சிருக்கியாமே. மூணு வருஷமா எனக்கு இந்தத் தோளு தூங்க வுட மாட்டேங்குது. எனக்கு ஒண்ணு எழுதிக் குடு."

"உங்களுக்கு ஒரு வாரம் பத்தாது மாஸ்டர். மொதல்ல ஒரு மாசம்."

சடையப்பன் தன் தோளைத் தடவிக்கொண்டான். 

ஆஞ்சநேயர் இன்னும் சுவரில்தான் இருக்கிறார். துர்காவுக்கு அவர்மேல் பகையில்லை. தூக்கியதைப் பதினோரு வருஷமாகக் கீழே வைக்காமல் இருக்கிறாரே என்று சமயத்தில் பரிதாபப்படுவாள். பலகையை என்ன செய்தார்கள் என்று கேட்டால், பாப்பா வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுவார். கொசு வராமல் இருக்க அதன்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறார். அதைச் செய்தது அவரேதான், யாரும் சொல்லவில்லை. "நானும் இருவது வருஷம் மாசாமாசம் வெளிய நின்னவதான்" என்றார் ஒரு நாள், பெருக்கிக்கொண்டே. "நின்னதுக்கு எனக்கு இன்னா வந்துச்சு? மழையில நனைஞ்சேன்."

மாசி பிறந்து இரண்டு வாரம் கழித்து ஒரு காலை சிநேகா வந்தாள். உள்ளே வரவில்லை. டயர் கடையோரம் பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். துர்கா கூப்பிடப் போனவள், பாப்பா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு எழுவதைப் பார்த்து நின்றுவிட்டாள். வாசல் கேள்வி மாறி ஒரு மாசம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது.

"இன்னிக்கி பாரமா, இலேசா?" என்றார் பாப்பா.

சிநேகாவுக்குப் புரியவில்லை. துர்காவைப் பார்த்தாள். துர்கா தலையை ஆட்டினாள், சொல்லு என்பது போல.

"எனக்கு... இன்னிக்கி மொத நாளுக்கா. வயிறு வலிக்குது."

"அப்ப இலேசு" என்று சொல்லி, பாப்பா வாசலை விட்டு நகர்ந்தார்.